ஏற்காடு இறங்கிய கார், எகிறாத பில்: அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

சேலத்தில் ஐந்து ரோட்டுக்கும் ஜங்ஷனுக்கும் நடுவில் வருடம் முழுக்க ஓடியும் வாயைத் திறக்காத கார், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு போய் வந்தால் உள்ளே இருக்கிற கோளாறை எல்லாம் கக்கிவிடும். சேலம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில். ஏற்காடு சுமார் 1,500 மீட்டரில். அடிவாரம் வழியாகப் போனால் நடுவே 20 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டுக்கும் கிளட்சுக்கும் பரீட்சை, இறங்கும்போது பிரேக்குக்கு. திங்கட்கிழமை காலையில் பயந்துபோய்ப் பட்டறை வாசலில் நிற்பவர் என்ன சொன்னாலும் தலையாட்டுவார். பில் எகிறுவது அங்கேதான்.

அதிகம் கறக்கும் மெக்கானிக்கில் இரண்டு வகை. ஒருவர் தெரிந்தே ஏமாற்றுபவர். இன்னொருவர் ஊகத்தில் பாகம் மாற்றுபவர். "இதாத்தான் இருக்கும்" என்று ஒன்றை மாற்றுவார், சத்தம் போகாவிட்டால் அடுத்ததை மாற்றுவார். இரண்டாமவர் தங்கமான மனிதராகக்கூட இருப்பார். ஆனால் என் கணக்கில் அவரால் ஆகும் செலவுதான் பெரிது. இருவருக்கும் ஒரே கேள்வி போதும்: "அண்ணா, எதை வச்சு இதுதான்னு சொல்றீங்க? ஒருக்கா காட்டுங்க." தொழில் தெரிந்தவர் இதற்குக் கோபப்பட மாட்டார். கையோடு கூட்டிப்போய்க் காட்டுவார்.

இன்னொன்று, பட்டறையில் பாகத்தின் பெயரை நீங்கள் முதலில் சொல்லாதீர்கள். "பிரேக் பேட் மாத்திடுங்க" என்றால் மாற்றிவிடுவார். கோளாறு அப்படியே இருந்தாலும் "நீங்கதானே சொன்னீங்க" என்பார். அறிகுறியை மட்டும் சொல்லுங்கள்: "இறங்கும்போது பாதி வளைவு தாண்டினதும் பெடல் கொஞ்சம் உள்ள போச்சு, அடிவாரம் வந்து ஆறினதும் சரியாயிடுச்சு." வளைவுகளில் எண் போட்ட பலகை இருப்பதால் எந்த இடத்தில் ஆரம்பித்தது என்பதைக்கூடத் துல்லியமாகச் சொல்லலாம். சத்தமாக இருந்தால் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். பட்டறைக்குப் போனதும் சத்தம் மறைந்துவிடுவது வழக்கம்தானே.

மலை இறங்கும்போது கருகல் வாடை, பெடல் மெத்தென்று ஆகிறது

என்ன சொல்வார்கள்: "நாலு வீலுக்கும் பேட், ஷூ, டிஸ்க் எல்லாம் போச்சு. மாஸ்டர் சிலிண்டரும் பாக்கணும்." (மாஸ்டர் சிலிண்டர் என்பது பெடல் மிதியைப் பிரேக் ஆயிலின் அழுத்தமாக மாற்றும் பாகம்.)

உண்மையில் பெரும்பாலும் எதுவும் போயிருக்காது. மேல் கியரில் இறங்கிக்கொண்டு வழி நெடுக பிரேக்கை மிதித்தே வந்தால் பேட் சூடேறி வாடை வரும். ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்பது சங்ககிரி லாரி ஓட்டுநர் யாரைக் கேட்டாலும் சொல்லும் பாடம். ஆட்டோமேட்டிக் வண்டியிலும் மேனுவல் நிலை அல்லது 'எல்' நிலை இதற்காகத்தான் இருக்கிறது.

ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆற விடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், நெளிந்துவிடும். ஆறியபின் பெடலை மிதித்துப் பாருங்கள்.

பழையபடி கெட்டியாக நின்றால், கொதித்தது பிரேக் ஆயில். இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய 'டாட் 4' தர ஆயில் குறைந்தபட்சம் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரி வரை இறங்கிவிடலாம். பல கார்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றச் சொல்வது இதனால்தான். பேனா மாதிரி ஒரு சின்னக் கருவியை ஆயில் டப்பாவில் முக்கினால் ஈரம் எத்தனை சதவீதம் என்று காட்டும். 3 சதவீதம் தாண்டினால் ஆயிலை மாற்றி ஏர் எடுத்தால் (குழாயில் உள்ள காற்றை வெளியேற்றினால்) போதும்.

ஆறிய பிறகும் பெடல் மெத்தென்றே இருந்தால் லைனில் காற்று அல்லது கசிவு. வண்டியை நிறுத்தி வைத்து, பெடலை ஒரே அழுத்தத்தில் மிதித்தபடி காத்திருங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கிக்கொண்டே போனால், வெளியே எங்கும் கசிவு இல்லாதபோது, மாஸ்டர் சிலிண்டர் மேல் சந்தேகம் நியாயம். அப்படி இறங்கவில்லை என்றால் அந்த வரியை எஸ்டிமேட்டிலிருந்து அடிக்கச் சொல்லுங்கள்.

வாடை ஒரே வீலில் மட்டும் வருகிறதா? சமவெளியில் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, தொடாமல், நான்கு வீல் பக்கத்திலும் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் தகித்தால் அந்த வீலின் காலிப்பர் (பேட்டை டிஸ்க்கோடு அழுத்தும் பாகம்) ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பல நேரம் அதன் பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து, அதற்குரிய கிரீஸ் போட்டாலே தீர்ந்துவிடும். முழுக் காலிப்பர் கடைசி வழி.

பேட் தேய்ந்துவிட்டது என்றால் அளந்து காட்டச் சொல்லுங்கள். புதிதில் தேயும் பகுதி சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டரை நெருங்கினால் மாற்ற வேண்டியதுதான். 6 இருக்கும்போதே மாற்றச் சொன்னால் அவசரம் அவருக்கு, உங்களுக்கல்ல. டிஸ்க் எவ்வளவு வரை தேயலாம் என்ற குறைந்தபட்ச அளவு பெரும்பாலும் டிஸ்க்கின் மேலேயே பொறித்திருக்கும்.

பிரேக் பிடித்தால் ஸ்டீரிங் உதறுகிறது

பிரேக் பிடிக்கும்போது மட்டும் உதறினால் முன் டிஸ்க். பிடிக்காமல் 80, 90 வேகத்தில் உதறினால் வீல் பேலன்சிங். டிஸ்க்கில் கனம் மிச்சம் இருந்தால் லேத்தில் கொடுத்துச் சீவிக்கொள்ளலாம். லேத் பட்டறைக்கு நம் ஊரில் பஞ்சமா?

ஏறும்போது சூட்டு முள் மேலே போகிறது

பில் மிக வேகமாக ஏறுவது இந்த அறிகுறியில்தான். "ஹெட் கேஸ்கெட் போச்சு, இன்ஜின் இறக்கணும்" என்ற ஒரு வாக்கியம் பல ஆயிரம் ரூபாய் பெறும். (ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜினின் மேல் பகுதிக்கும் கீழ்ப் பகுதிக்கும் நடுவே உள்ள அடைப்புத் தகடு.)

முதலில் வழியில் செய்ய வேண்டியது: ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் திருப்புங்கள். வியர்க்கும், ஆனால் இன்ஜினின் சூட்டை அது கொஞ்சம் வெளியே இழுக்கும். முள் சிவப்பைத் தொட்டால் அகலமான இடத்தில் ஒதுக்கி இன்ஜினை நிறுத்துங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

பிறகு, மலிவானதிலிருந்து ஆரம்பியுங்கள். இன்ஜின் நன்றாக ஆறியதும் கூலன்ட் டப்பாவில் அளவு இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கிறதா? வண்டியை ஓட விட்டு ஏசி போட்டால் முன்னால் ஃபேன் சுற்றுகிறதா? முதல் கியரில் ஊர்ந்து ஏறும்போது எதிர்க்காற்று கிடைக்காது, ஃபேனை நம்பித்தான் ரேடியேட்டர் இருக்கிறது. பல கார்களில் ஏசி போட்டதும் ஃபேன் ஓட வேண்டும். அப்போதும் ஓடவில்லை என்றால் ஃபியூஸ், ரிலே, ஃபேன் மோட்டார் என்ற வரிசையில் பார்க்கலாம். ஏசிக்கு ஓடுகிறது, சூட்டுக்கு ஓடவில்லை என்றால் சென்சார் பக்கம். ஃபேனும் சரி, கூலன்ட்டும் சரி என்றால் தெர்மோஸ்டாட் (கூலன்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு), ரேடியேட்டர் மூடி, ரேடியேட்டர் அடைப்பு. போர் தண்ணீரையே ஊற்றி ஊற்றி ஓட்டிய வண்டியில் உப்புப் படிந்து அடைப்பது சகஜம். கூலன்ட்டோடு டிஸ்டில்டு வாட்டர்தான் கலக்க வேண்டும், கலந்தே வரும் கூலன்ட்டில் அதுவும் வேண்டாம்.

ஹெட் கேஸ்கெட் என்று சொல்ல ஆதாரம் வேண்டும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் கூலன்ட் குறைந்துகொண்டே போவது, இன்ஜின் ஓடும்போது கூலன்ட்டில் விடாமல் குமிழி வருவது, டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருப்பது, சூடான பிறகும் சைலன்ஸரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் லேசாக வெண்ணெய் மாதிரி ஒட்டியிருப்பதைக் காட்டிப் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். மார்கழிக் குளிரில் ஏற்காட்டில் தங்கி, பக்கத்துக்குப் பக்கம் ஓட்டிய வண்டியில் ஈரம் அப்படிப் படியும். டிப்ஸ்டிக்தான் சாட்சி. அதற்கும் மேல் உறுதி வேண்டுமானால், ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நீல நிற மருந்துச் சோதனை இருக்கிறது. எரிந்த புகை கூலன்ட்டில் கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். இன்ஜினைப் பிரிப்பதற்கு முன் இதைச் செய்யச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.

ஆக்சிலேட்டர் மிதித்தால் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை

கிளட்ச் வழுக்குகிறது என்று அர்த்தம். ஆனால் வளைவில் எதிரே பஸ் வந்து, அரை கிளட்சில் வண்டியைப் பிடித்து நிறுத்தியதால் ஒருமுறை வாடை வந்தது என்பதற்காகக் கிளட்ச் செட் மாற்ற வேண்டியதில்லை. மறுநாள் ஆறிய வண்டியில், முன்னால் யாரும் நிற்காத சமதளத்தில், ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்சிலேட்டர் கொடுத்தபடி கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் திணறி அணைந்தால் கிளட்ச் பிடிக்கிறது. அணையாமல் உறுமிக்கொண்டே இருந்தால் தேய்ந்துவிட்டது. ஒருமுறை செய்தால் போதும், திரும்பத் திரும்பச் செய்தால் சோதனையே கிளட்சைத் தின்றுவிடும். கேபிள் கிளட்ச் வண்டி என்றால் அட்ஜஸ்ட்மென்டை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

மாற்றுவது உறுதியானால் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றச் சொல்வது ஏமாற்று அல்ல. கியர் பாக்ஸ் இறக்கும் கூலிதான் பெரிது, அதை இரண்டு தடவை கொடுப்பானேன்? பழைய பிளேட்டைக் கையில் வாங்கிப் பாருங்கள். ரிவெட் தலை வரை தேய்ந்திருக்கிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.

நிறுத்திய இடத்தில் சொட்டு

வெள்ளை அட்டையை இரவு அடியில் போட்டு வையுங்கள். நிறமும் வாடையும் இல்லாத தண்ணீர் என்றால் ஏசியிலிருந்து வருவது, அது வர வேண்டும். பச்சை, சிவப்பு, நீலம் என்று நிறத்தோடு இனிப்பு வாடை அடித்தால் கூலன்ட். பழுப்பு அல்லது கறுப்பு என்றால் இன்ஜின் ஆயில். வீல் பக்கத்தில் மெல்லிய மஞ்சள் வழவழப்பு என்றால் பிரேக் ஆயில். அந்த வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

இன்ஜின் விளக்கு எரிகிறது

"சென்சார் போச்சு." எந்தச் சென்சார்? ஸ்கேனர் காட்டும் எண் எங்கே தேட வேண்டும் என்பதைச் சொல்கிறது, எதை மாற்ற வேண்டும் என்பதை அல்ல. எண்ணை அழிப்பதற்கு முன் திரையைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அழித்துவிட்டால் பிறகு பேச ஆதாரம் இல்லை. போனோடு சேர்ந்து இந்த எண்ணைப் படித்துக் காட்டும் சின்ன ஓபிடி கருவி ஒன்றை நீங்களே வாங்கி வைத்துக்கொள்வது வீண் செலவு ஆகாது.

ஒரு எடுத்துக்காட்டு. பெட்ரோல் வண்டி ஏறும்போது வெட்டி வெட்டி இழுக்கிறது, எண் பி 0301. முதல் சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பது அதன் பொருள். நான்கு காயில் (பிளக்குக்கு மின்சாரம் தரும் பாகம்), நான்கு பிளக், இன்ஜெக்டர் என்று எஸ்டிமேட் நீளும். மாறாக, முதல் சிலிண்டர் காயிலைக் கழற்றி இரண்டாவதில் போடச் சொல்லுங்கள், இரண்டாவதன் காயில் முதலுக்கு. எண்ணை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி 0302 வந்தால் அந்த ஒரு காயில்தான் குற்றவாளி. பி 0301 என்றே நின்றால் காயில் நல்லது. இதே மாதிரி பிளக்கை மாற்றி வைத்துப் பார்க்கலாம். தனித்தனிக் காயில் உள்ள வண்டியில் ஐந்து நிமிட வேலை.

விளக்கு மினுமினுத்தால் விரட்டாதீர்கள், சைலன்ஸர் குழாயில் புகையைச் சுத்தம் செய்யும் கன்வர்ட்டர் வெந்துவிடும்.

பிஎஸ் 6 (புகை விதிமுறை) டீசல் வண்டியில் டிபிஎஃப், அதாவது புகையின் கரியைப் பிடிக்கும் வடிகட்டியின் விளக்கு நிலையாக எரிந்தால் உடனே 'கிளீனிங்' என்று காசு கொடுக்க வேண்டாம். டவுனுக்குள்ளேயே ஓட்டும் வண்டியில் கரி சேரும். கையேட்டில் எழுதியிருக்கும் வேகத்தில், ஓமலூர் தாண்டி நாற்கர சாலையில் நிற்காமல் ஒரு இருபது நிமிடம் ஓட்டினால் பல நேரம் தானே எரித்துத் தள்ளிவிடும். டீசல் வண்டியில் ஆயில் மாற்றிய சில நாளிலேயே கறுப்பதும் இயல்பு. டிப்ஸ்டிக்கைக் காட்டி "ஆயில் கருகிடுச்சு" என்பது பழைய வித்தை.

ஏசி குளிரவில்லை

சேலத்துச் சித்திரை வெயிலில் இந்தப் புகாருக்கு வரும் முதல் பதில் "கேஸ் இல்ல". ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய குழாயில் சுற்றுகிறது. பல வருடத்தில் துளி குறையலாம். வருடா வருடம் குறைந்தால் எங்கோ கசிகிறது, கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்புவது அடுத்த வருடமும் உங்களை வரவழைக்கத்தான்.

காற்றே குறைவாக வருகிறதா? கேபின் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கும். ஓடும்போது குளிர்ந்து சிக்னலில் நின்றால் சூடாகிறதா? கண்டென்சர் (முன்னால் இருந்து ஏசியின் சூட்டை வெளியேற்றும் பாகம்) அழுக்கு அல்லது ஃபேன். இரண்டும் இல்லை என்றால் கேஸ் பிரஷரைக் கேஜ் வைத்துப் பார்க்கலாம். நிரப்பும்போது எடை போட்டு நிரப்ப வேண்டும். எத்தனை கிராம் என்பது பானெட்டுக்குள் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். "கம்ப்ரசர் போச்சு" என்பதை இத்தனையும் தாண்டிய பிறகு பேசலாம்.

காலையில் செல்ஃப் எடுக்கவில்லை

மீட்டர் வைத்தால் சண்டையே வராது. இரவு முழுக்க நின்ற நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அருகில் காட்டும். 12.2 என்றால் பாதிதான் சார்ஜ். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.5இலிருந்து 14.7க்குள் இருக்க வேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால்தான் டைனமோவைச் சந்தேகப்பட வேண்டும், அதற்கும் முன்னால் பெல்ட்டைப் பார்க்க வேண்டும். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பச்சைத் தூளை வெந்நீர் ஊற்றித் துடைத்து, நட்டை முறுக்கினாலே பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும். புதிய பேட்டரி வாங்கினால் பழையதற்கான கழிவுத் தொகை பில்லில் தனியாகத் தெரிய வேண்டும், வாரண்டி அட்டையில் தேதி வேண்டும்.

மேடு பள்ளத்தில் 'கட கட'

"ஸ்டீரிங் ராக் மாத்தணும்" என்பார்கள். ஸ்டீரிங் திருப்பத்தை முன் வீலுக்குக் கொண்டுபோகும் பெரிய பாகம் அது. பார்க்க வேண்டியது சஸ்பென்ஷனில் உள்ள சின்னப் பாகங்களை: முதலில் லிங்க் ராடு, பிறகு புஷ், பிறகு லோயர் ஆர்ம் பால் ஜாயின்ட். ஜாக்கி போட்டு ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். லிங்க் ராடு விலை ராக்கின் விலைக்குக் கால் தூசி. வண்டி ஒரு பக்கம் இழுத்தால், முன் டயர் இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள் (ஒரே திசையில் சுற்ற வேண்டிய டயருக்கு இது பொருந்தாது). இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில். அலைன்மென்ட் செய்தால் முன், பின் அளவு அச்சான தாளைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு ஆணி, ஐந்து பஞ்சர்

நெடுஞ்சாலையில் டியூப்லெஸ் டயருக்கு நடக்கும் கூத்து இது. காபி குடிக்கப் போகாமல் பக்கத்திலேயே நில்லுங்கள். எதையும் குத்துவதற்கு முன் டயர் முழுக்கச் சோப்புத் தண்ணீர் அடித்து, குமிழி வரும் இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போடச் சொல்லுங்கள், வால்விலும் அடித்துப் பாருங்கள். வட்டம் ஒன்று என்றால் பஞ்சரும் ஒன்று. வட்டம் போட்ட பிறகு முளைக்கும் ஓட்டைக்கு ஊசி வைத்திருப்பவர்தான் பொறுப்பு. ஓடும் வண்டியில் பக்கத்தில் வந்து "சார், வீல் ஆடுது" என்று கைகாட்டுபவர் சொன்ன கடைக்குப் போகாதீர்கள். கூட்டம் உள்ள பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி நீங்களே பாருங்கள்.

பில்லில் பார்க்க வேண்டியது

வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் (பட்டறையின் வேலை விவர அட்டை) மூன்று வரி எழுத வையுங்கள்: அறிகுறி என்ன, எவ்வளவு ரூபாய்க்கு மேல் போனால் போன் செய்ய வேண்டும், பழைய பாகம் எல்லாம் திரும்ப வேண்டும். மீட்டரையும் பெட்ரோல் அளவையும் ஒரு போட்டோ. வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் எழுத்துதான்.

பாகத்தின் பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி எல்லா வரியும் சேர்ந்த விலை. எம்.ஆர்.பியைப் போட்டு அதன் மேல் ஜி.எஸ்.டி சேர்த்திருந்தால் தவறு. அந்தக் காலிப் பெட்டியையும் கேட்டு வாங்குங்கள், பாக எண் பில்லோடு பொருந்த வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரி பாகங்களுக்கு வரி 18 சதவீதம். பழைய 28ஐ இன்னும் பில்லில் கண்டால் கேளுங்கள். ஜி.எஸ்.டி பதிவு இல்லாத பட்டறை அந்தப் பெயரில் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. நம் மாநிலப் பதிவு எண் 33 என்று தொடங்கும், எண்ணும் எழுத்துமாக மொத்தம் 15. அது உண்மையா என்று ஜி.எஸ்.டி தளத்திலேயே பார்த்துவிடலாம்.

ஆயில் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கையேட்டில் இருக்கிறது. மூன்றரை லிட்டர் பிடிக்கும் வண்டிக்கு ஐந்து லிட்டர் போட்டால் மீதி எங்கே? இன்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், அடிப்பக்கக் கோட்டிங், ஏசி கிருமி நீக்கம், இவை பெரிய சர்வீஸ் சென்டர்களிலும் சத்தமில்லாமல் ஏறும் வரிகள். கையேட்டில் சர்வீஸ் அட்டவணைப் பக்கத்தைத் திறந்து "இதுல எங்க இருக்கு?" என்று கேட்டால் பெரும்பாலும் இறங்கிவிடும்.

பேசியும் தீரவில்லை என்றால்

வண்டியைப் பிடுங்கிக்கொண்டு வரப் பார்க்காதீர்கள். செய்த வேலைக்கான கூலி வரும் வரை பொருளை வைத்துக்கொள்ளும் உரிமையை 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆவது பிரிவு வேலை செய்தவருக்குத் தருகிறது. ஆட்சேபத்தோடு செலுத்துகிறேன் என்று பில்லின் இரண்டு படியிலும் எழுதிக் கையெழுத்திட்டுப் பணத்தைக் கட்டுங்கள், யுபிஐயில் கட்டினால் நல்லது. வண்டியை எடுத்து, வேறொரு மெக்கானிக்கிடம் காட்டி அவர் கண்டதை எழுதி வாங்குங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். ஆன்லைனிலும் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயம் இல்லை, கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை. அங்கே பேசப்போவது ஜாப் கார்டு, பில், போட்டோ, பழைய பாகம் நான்கும்தான். அதனால் அந்தப் பழைய பாகத்தைக் கழுவாமல், அப்படியே ஒரு சாக்கில் கட்டி வையுங்கள்.